நான் மிச்சம் பிடித்த இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்

1

2025 ஏப்ரல் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். ஈப்போவில் மழை. இடியும் காற்றும் இல்லாமல், அவசரமே இல்லாமல் பெய்கிற மழை. என் சமையலறை ஜன்னலிலிருந்து வழக்கமாக ஏழு சுண்ணாம்புக் குன்றுகள் தெரியும். அன்று இரண்டுதான் தெரிந்தன. சுவரிலிருந்த வெப்பமானி இருபத்துநாலு காட்டியது. அடுப்பில் காப்பி, மேசையில் மூன்று மாத்திரைகள், கணினியில் ஒரு கடிதம்.

கடிதம் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. ஐம்பத்தொரு வருஷத்துக்கு முன் நான் இளங்கலை முடித்த அதே கல்லூரி. எழுதியவர் மகேஸ்வரி, அங்கே இயற்பியல் ஆசிரியை. ஊரிலிருந்து எனக்கு வருஷத்துக்கு மூன்று அல்லது நாலு கடிதம் வரும். ஒன்று கல்யாணம், ஒன்று கோயில் திருப்பணி, மற்றது யாராவது தவறிப்போன செய்தி. இது எதிலும் சேராததால் ஆசையாகத் திறந்தேன்.

"ஐயா, உங்கள் 2015ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூன்றாவது படத்தில் உள்ள வரிசை எனக்கு வரவில்லை. பதினேழு முறை செய்து பார்த்துவிட்டேன். எனக்குத் தலைகீழாக வருகிறது. அச்சில் வந்த முடிவுக்கு மாறாக இருக்கிறது, காரணம் காட்டுங்கள் என்று தேர்வாளர் என் ஆய்வேட்டை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். ஜூன் முப்பதோடு என் பதிவு காலாவதியாகிறது. ஆறு வருஷம் ஆகிவிட்டது, இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். நான் எங்கே தவறு செய்கிறேன் என்று நீங்கள் சொன்னால் போதும்."

தவறு உங்களுடையது என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்குப் பதிலாக அவர் கடிதத்தில் நாலு எழுத்துப் பிழைகளை எண்ணினேன். எண்ணி முடித்தபோது காப்பி பொங்கி வழிந்திருந்தது.

2

ஊரிலிருக்கும் நீங்கள் எல்லோரும், நான் வரும்போதெல்லாம் கேட்கிறீர்கள், மலேசியாவில் என்னதான் வேலை பார்த்தாய் என்று. இருபத்தேழு வருஷத்தில் பதினாலு முறை வந்திருக்கிறேன். பதினாலு முறையும் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இந்த முறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் நடந்தது எதுவும் புரியாது.

மூன்றே அணு உயரம் உள்ள தகடுகள் இருக்கின்றன. நடுவில் மாலிப்டினம் என்ற உலோகம், மேலே கந்தகம், கீழே கந்தகம். ஒரு தலைமுடியின் தடிமனுக்கு இப்படி ஒரு லட்சம் தகடுகளை அடுக்கலாம். இவ்வளவு மெல்லியதாக இருந்தும் வெயிலை நன்றாகப் பிடிக்கும். இரண்டு வேறு வேறு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், வெயில் பட்டதும் ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டுக் கிளம்பும். அது விட்டுப்போன இடத்தைத் துளை என்போம். எலக்ட்ரான் ஒரு தகட்டுக்கும் துளை மறு தகட்டுக்கும் பிரிந்து போனால் மின்சாரம் எடுக்கலாம். இரண்டும் ஒரே தகட்டுக்குள் போனால் அங்கேயே ஒன்று சேர்ந்து தீர்ந்துவிடும். வெயில் வீண். எது எங்கே போகும் என்பது இரண்டு தகடுகளின் ஆற்றல் படிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அந்த வரிசையைக் கணினியில் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. தகட்டைக் கையால் தொட்டதில்லை. கண்ணால் பார்த்ததும் இல்லை.

நாங்கள் எடுத்துக்கொண்ட ஜோடியில் ஒன்று விசேஷமான தகடு. ஒரு முகம் கந்தகம், மறுமுகம் செலீனியம். அப்போது அதை யாரும் செய்து காட்டியிருக்கவில்லை. செய்தால் நிலைக்கும் என்று கணக்கு மட்டும் சொன்னது.

நாங்கள் பயன்படுத்தும் முறைக்கு ஒரு தகட்டைத் தனியாக நினைக்கத் தெரியாது. ஒன்றைக் கொடுத்தால் அதையே மேலும் கீழும் முடிவில்லாமல் அடுக்கிக்கொள்ளும். அடுக்குகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமலிருக்க நடுவில் வெறும் இடம் விட வேண்டும். வெறும் இடம் கூடினால் கணக்கு ஓடும் நேரமும் கூடும். ஆம், ஒன்றுமில்லாத இடத்தையும் கணினி உட்கார்ந்து கணக்குப் போடும். இரண்டு முகமும் வேறாக உள்ள தகடு என்றால் அதுவும் போதாது, ஒரு திருத்தம் வேறு போட வேண்டும். போடாவிட்டால் இயற்கையில் இல்லாத ஒரு மின்புலம் கணக்குக்குள் புகுந்து படிகளைச் சாய்த்துவிடும். திருத்தம் என்பது கோப்பில் ஒரே ஒரு வரி. ஆனால் போட்டால் கணக்கு சீக்கிரத்தில் அடங்காது.

இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் வெறும் இடத்தைக் குறைத்தேன். அந்த ஒரு வரியையும் போடவில்லை.

3

அது 2014 நவம்பர். அப்போது என்னோடு வேலை செய்தவர் குணசேகரன். பல்கலைக்கழகத்தின் கணினி அறை உதவியாளர், முப்பத்தெட்டு வயது. சிலிம் ரிவர் ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுத்தவர். மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். பத்து காஜா என்ற ஊரில் வாடகை வீடு பார்த்து வந்த குடும்பம். பகலில் வேலை, மாலையில் படிப்பு என்று பட்டம் வாங்கி, முதுகலைக்கு எங்கள் தகட்டுக் கணக்கையே எடுத்திருந்தார். அறையில் முப்பத்தாறு கணினிகள். எதன் விசிறி நோய்ப்பட்டிருக்கிறது என்று வாசலில் நின்று காதால் சொல்லிவிடுவார்.

என் வேலை இரண்டு வருஷ ஒப்பந்தம். ஒவ்வொரு முறையும் வேலை பாஸை, அதாவது இங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அது எட்டாவது முறை, எனக்கு அறுபது வயது. என் மகன் அரவிந்தன் பள்ளியை முடிக்கும் ஐந்தாம் படிவத்துப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். பாஸ் போனால் தேர்வின் நடுவிலேயே மூட்டை கட்ட வேண்டும். அலுவலகத்தில் மலாய்ப் பெண்மணி என் கோப்பைப் புரட்டி, "துவான், இந்த வருஷம் கட்டுரை ஒன்றும் காணோமே. அனுப்பியதற்கு ஒப்புகையாவது வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்" என்றார். நான் என் மலாயில் "நேற்றே கொண்டு வருவேன்" என்று சொல்லிவிட்டேன். நாளைக்கும் நேற்றுக்கும் இன்றுவரை எனக்கு அந்த மொழியில் தகராறு. அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். பதினாறு படிகள்.

மறுநாள் சனிக்கிழமை மதியம் குணா சொன்னார்:

"சார், அந்தத் திருத்தத்தைப் போட்டு ஒருவாட்டி ஓட்டிப் பாத்துருவமே."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருநூத்திப் பன்னெண்டு மணி நேரம் சார். எட்டு நாளு, இருபது மணி."

"வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள்தான் இருக்கு."

"தெரியும் சார். எங்கப்பா ஒருவாட்டி அவசரத்துல கத்தியை ஆழமா விட்டுட்டாரு. அன்னைக்குப் பால் கூடத்தான் வந்துச்சு. வேலையை மேற்பார்க்குற தண்டல் வந்து பாத்துட்டு மூணு நாள் கூலியைப் பிடிச்சிட்டாரு. அந்த எடத்துல பட்டை ஒழுங்கா வளரவே இல்ல."

"இது மரம் இல்லை குணா. கணக்கு" என்றேன்.

வியாழக்கிழமை அனுப்பினோம். வெள்ளிக்கிழமை ஒப்புகை கோப்பில் சேர்ந்தது. பாஸ் வந்தது. நடுவர்கள் இரண்டு பேர் எட்டுக் கேள்விகள் கேட்டார்கள், இதைக் கேட்கவில்லை. அனுப்பிய பிறகாவது ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் தேட வேண்டும் என்று இருந்துவிட்டேன். பெருந்தன்மையாக முதல் பெயராகக் குணாவின் பெயரைப் போட்டேன். அதைக் கமலாவிடம், என் மனைவியிடம், மூன்று முறையாவது சொல்லிக்காட்டியிருப்பேன்.

4

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. கையில் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை இருக்கிறது. கமலா போய் நாலு வருஷம். அரவிந்தன் பெர்த்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பான். சராசரி பதினொரு நிமிடம். அதில் தமிழ் நாலு நிமிடம் இருக்கும். 'சாப்பிட்டீங்களாப்பா' என்பதில் தொடங்கி 'உடம்பைப் பாத்துக்கோங்க' என்பதில் முடியும். நடுவில் உள்ளது ஆங்கிலம்.

கமலாவை எடுத்த அன்று விமானங்கள் ஓடவில்லை. நோய்க் காலம், எல்லைகள் மூடியிருந்தன. மகன் கைபேசித் திரையில் இருந்தான். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றும்போது எனக்குக் கால் தடுமாறியது. குணா முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா வாங்கண்ணே" என்றார். அதுவரை சார். அன்றிலிருந்து அண்ணே. அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

அவர் இப்போது தைப்பிங்கில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரையாளர். அந்தக் கட்டுரையும் அதனால் கிடைத்த முதுகலையும்தான் அந்த வேலைக்கு வழி. வாரநாட்களில் அங்கே. வெள்ளி மாலை பத்து காஜா வீட்டுக்கு வந்துவிடுவார். சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஈப்போ பழைய டவுனில் காதர் அண்ணன் கடையில் நாங்கள் இருவரும் பசியாறுவோம். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறுதல். முதல் வருஷம் யாரோ 'பசியாறிட்டீங்களா' என்று கேட்டபோது நான் அவ்வளவு பசித்தவன் போலவா தெரிகிறேன் என்று சங்கடப்பட்டேன். இரண்டு தோசை, நுரை பொங்க ஆற்றிய தேநீர், இங்கே தே தாரிக், இரண்டு. ஒன்பது ரிங்கிட் இருபது சென். ஒரு வாரம் நான் கொடுப்பேன், மறுவாரம் அவர். பங்கு போட்டது கிடையாது. இருநூற்று முப்பத்தொரு சனிக்கிழமைகள்.

மகேஸ்வரியின் கடிதம் வந்த மறுநாள் என் வீட்டுக் கணினியில் கணக்கைத் தொடங்கினேன். வெறும் இடத்தைக் கூட்டி, அந்த ஒரு வரியையும் போட்டு. பின்னறையில் குளிரூட்டும் ஏர்கோனை இருபத்துமூன்றில் வைத்துக் கதவைச் சாத்தினேன். ஈப்போவில் பிற்பகலானால் இடி. இரண்டு முறை மின்சாரம் போனது. இரண்டு முறையும் நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டேன். பன்னிரண்டாம் தேதியும் பத்தொன்பதாம் தேதியும் சனிக்கிழமைகள். காதர் கடைக்குப் போனேன், குணாவோடு தோசை தின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன புரோபசர் அண்ணே, இந்த வாரம் பேச்சே காணோம்?" என்றார் காதர். "வழக்கமா ரெண்டு பேரும் காத்தைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவீங்களே."

"காத்து இல்லண்ணே, காத்தும் இல்லாத வெறும் எடம்" என்றார் குணா.

"அதுக்கு ஒரு மணி நேரமா? எங்க கடைல வெறும் எடம்னா நாலு மேசை போட்டுருவேன்லா." இங்கே பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

குணா சிரித்தார். நான் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன். கணக்கு முடியட்டும், முடிந்தபின் சொல்லலாம் என்று நினைத்தேன். இருபத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு முடிந்தது. வரிசை தலைகீழாக வந்தது. எலக்ட்ரானும் துளையும் ஒரே தகட்டுக்குள்தான் போகின்றன. நாங்கள் சூரிய மின்கலத்துக்கு மிகவும் ஏற்றது என்று எழுதிய ஜோடி அதற்கு உதவவே உதவாது. மகேஸ்வரியின் எண் சரி. இரண்டாம் தசமம் வரைக்கும் சரி.

இரவு தூங்கவில்லை என்று எழுத மாட்டேன். ஆறு மணி நேரம் தூங்கினேன். காலையில் எழுந்து முதல் வேலையாக அவருக்கு எழுதினேன்: நீங்கள் செய்ததே சரி, தவறு என்னுடையது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். கடிதம் எழுதிக் கொடுத்தால் போதுமா என்றும் கேட்டேன். ஒன்பது நிமிடத்தில் பதில் வந்தது. "ஐயா, பஸ்ஸில் இருக்கிறேன். அழுதுகொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருக்கிற அம்மா வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்கிறார்கள். கடிதம் செல்லாது ஐயா. அச்சில் வந்த மறுப்பு வேண்டும் என்கிறார்கள்."

அன்று ஏப்ரல் இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை. எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. பூங்காவில் வழக்கமாக மூன்று சுற்று நடப்பேன், அன்று ஐந்து நடந்தேன். குணாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விட வேண்டும் என்று ஐந்து சுற்றிலும் எனக்குத் தோன்றவில்லை. இந்தக் குறிப்பை எழுதுவதே அதற்காகத்தான்.

5

கட்டுரை வெளிவந்த ஆய்வுப் பத்திரிகைக்காரர்களோடு தனி மல்லுக்கட்டு. என் பழைய பல்கலைக்கழக மின்னஞ்சலை ஓய்வு பெற்ற பதினோராம் நாளே மூடிவிட்டார்கள். வேறு முகவரியிலிருந்து எழுதினால், நீங்கள்தான் அந்தக் கட்டுரையின் ஆசிரியர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். சிவப்பு அட்டையின் நகல் அனுப்பினேன். மலாயில் இருக்கிறது, மொழிபெயர்ப்புத் தேவை என்றார்கள். கடைசியில் ஒரு வழி சொன்னார்கள்: இப்போதும் கல்வி நிறுவனத்தில் இருக்கும் கட்டுரையாசிரியர் யாராவது தம் நிறுவன முகவரியிலிருந்து படிவத்தை அனுப்ப வேண்டும். எல்லா ஆசிரியர்களும் கையெழுத்திட வேண்டும். ஆசிரியர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஏப்ரல் இருபத்தாறு, சனிக்கிழமை, எட்டரை மணி. வெயில். படிவத்தில் என் பகுதியை எழுதி, அச்செடுத்து, நீல உறையில் போட்டுக்கொண்டு போனேன். பிழைக்கான காரணத்தை இருநூற்றைம்பது சொற்களுக்குள் எழுதச் சொல்லியிருந்தார்கள். இருநூற்று நாற்பத்தொன்பது எழுதியிருந்தேன். எல்லாம் என் முடிவு, குணசேகரன் எச்சரித்தும் நான் கேட்கவில்லை, அவர் நான் சொன்னதைச் செய்தவர் மட்டுமே என்று.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ஒடம்புல சீனி கூடிப்போச்சா?" என்றார் குணா.

உறையைத் தள்ளினேன். மொத்தம் ஏழு தாள். மகேஸ்வரியின் கடிதம், என் புதுக் கணக்கின் படம், படிவம். படத்தில் அவர் கண் அதிக நேரம் நிற்கவில்லை.

"தெரியும்ண்ணே" என்றார்.

"என்ன தெரியும்?"

"தலைகீழாத்தான் வரும்னு. நீங்க அனுப்பினதுக்கு அடுத்த வாரமே ஓட்டிப் பாத்துட்டேன். லீவுல மிஷின் சும்மாத்தானே கெடந்துச்சு."

நான் கேட்டது இது: "எத்தனை மணி நேரம் ஆச்சு?"

சிரித்துவிட்டார். "இதைத்தான் மொதல்ல கேப்பீங்கன்னு தெரியும்லா. இருநூத்தி எட்டு. நான் சொன்னதுல நாலு மணி நேரம் கம்மி."

"ஏன் சொல்லலை?"

"எப்படிண்ணே சொல்றது? சொன்னா நீங்க வாபஸ் வாங்கியிருப்பீங்க. வாங்கினா பாஸ் போச்சு. அரவிந்தன் தம்பிக்கு அப்ப ரெண்டு பேப்பர் பாக்கி. நாந்தானே காடியில கொண்டுபோய் விட்டேன். பின்னாடி உக்காந்து முணுமுணுன்னு படிச்சுக்கிட்டே வருவான். அவனை எறங்குடா, ஊருக்குப் போடான்னு நான் சொல்றதா?" தேநீரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "எனக்கும் லாபந்தான், இல்லைன்னு சொல்லலை. முதல் பேரு என் பேரு. மாஸ்டர்ஸ் கெடச்சிச்சு, வேலை கெடச்சிச்சு. வாயை மூடிக்கிட்டேன்."

காதர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, தோசையைப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க? ஆறிப்போனா அதுவும் உங்க தகடு மாதிரிதான் அண்ணே, எதுக்கும் ஆகாது."

யாரும் சிரிக்காததால் போய்விட்டார்.

"ஒண்ணு கேக்குறேன்" என்றார் குணா. "ஜூலையில அனுப்பலாம்ண்ணே. ஜூன் இருபத்துநாலு எனக்கு நேர்காணல். துறைத் தலைவர் போஸ்ட். எனக்கு நாப்பத்தொம்பது ஆச்சு. அடுத்த வருஷம் அம்பது, மனுவே போட முடியாது. நேர்காணல் முடியட்டும். மறுநாளே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"அவங்களுக்கு ஜூன் முப்பது."

"பாத்தேன். நீங்க ஒரு கடிதம் எழுதிக் குடுங்க, தப்பு எங்களோடதுன்னு. நானும் சேந்து எழுதுறேன்."

"கடிதம் செல்லாதாம். கேட்டுட்டேன்."

"எப்பக் கேட்டீங்க?"

"செவ்வாய்க்கிழமை. வாபஸ் வாங்குறேன்னு எழுதிட்டேன் குணா."

அவர் விரல் மடக்கினார். புதன், வியாழன், வெள்ளி, சனி.

"நாலு நாள்" என்றார். "அப்ப நீங்க என்னைக் கேக்க வரலை. சொல்ல வந்திருக்கீங்க, சார்."

ஏழு தாள்களையும் உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டார். அன்று கொடுக்கும் முறை என்னுடையது. அவர் சட்டைப்பையிலிருந்து ஐந்து ரிங்கிட் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். காதர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். மீதி நாற்பது சென் கொடுத்தபோது குணா அதை எண்ணி வாங்கிக்கொண்டார்.

6

ஒன்பது நாள் படிவம் அவரிடம் இருந்தது. அந்த ஒன்பது நாளும் நான் தொலைபேசியைத் தொடவில்லை. கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை, போடாதீர்கள் என்று சொல்லவும் மனம் இல்லை. நினைத்தால் அவர் போடாமல் இருந்திருக்கலாம். மே ஐந்தாம் தேதி தம் கல்லூரி முகவரியிலிருந்து பத்திரிகைக்கு அனுப்பிவிட்டதாக ஒரு வரி எழுதினார். கீழே பெயர் மட்டும்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி மறுப்பு அச்சில் வந்தது. என் இருநூற்று நாற்பத்தொன்பது சொற்களை நாலு வாக்கியமாகச் சுருக்கியிருந்தார்கள். ஐந்தாவதாக நான் எழுதாத ஒரு வாக்கியம் இருந்தது. முதல் ஆசிரியர் அப்போதே மறுகணக்கிட்டுச் சரியான விடையை அறிந்திருந்தார் என்றும், அதை வெளியிடாமல் இருந்துவிட்டதாக அவரே தெரிவித்திருக்கிறார் என்றும்.

உடனே அழைத்தேன். "ஏன் குணா அதைச் சேர்த்தீங்க? யாரும் கேக்கலையே."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. தைப்பிங்கில் எப்போதும் மழை.

"நீங்க எல்லாத்தையும் உங்க மேலயே போட்டு எழுதியிருந்தீங்க சார். நல்ல மனசுதான். ஆனா படிச்சா நான் உங்க எடுபிடி மாதிரி இருந்துச்சு. சொன்னதைச் செய்யறவன். நான் எடுபிடி இல்ல. எனக்குக் கணக்கு தெரியும். விடையும் தெரியும். உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"ஆமாம்" என்றேன்.

"வச்சிர்றேன் சார். கிளாஸ் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அரவிந்தன் அழைத்தபோது சொன்னேன். "யாருப்பா அந்தப் பேப்பரையெல்லாம் படிக்கப் போறாங்க?" என்றான். நாற்பத்தொரு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றேன். பிறகு குணா எதற்காகச் சொல்லாமல் இருந்தார் என்பதையும் சொன்னேன். தேர்வுக்குக் காரில் கொண்டுபோய் விட்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "வெள்ளைக் கார்தானேப்பா? இல்ல, நீலமா?" என்றான். அப்புறம் "அங்கிள் நம்பர் அனுப்புங்கப்பா" என்றான். அனுப்பினேன். அழைத்தானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நேர்காணல் ஜூன் இருபத்துநாலாம் தேதி நடந்தது. அந்தப் பதவி வேறொருவருக்குப் போனது. குணா இதை எனக்குச் சொல்லவில்லை. தைப்பிங்கில் தெரிந்த ஒருவர் சொன்னார். அறைக்குள் பத்து நிமிடம்கூட இல்லையாம். மறுப்பின் நகல் மேசையில் இருந்ததாம்.

ஜூன் இருபத்தேழாம் தேதி, பதிவு முடிய மூன்று நாள் இருக்கும்போது, மகேஸ்வரியின் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். கல்லூரி வாசலில் இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் படம் அனுப்பினார். சின்னவன் கண்ணை மூடியிருக்கிறான். அந்த வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது, படத்தில் இல்லை. "குணசேகரன் சாருக்கும் நன்றி சொல்ல வேண்டும், முகவரி கொடுங்கள் ஐயா" என்று கேட்டார். கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு அவர் யாரென்றே தெரியாது. என்ன கொடுத்தார் என்பதும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் அவருடைய சந்தோஷத்தில் கை வைத்தது போலாகும்.

7

ஏப்ரல் மாத மின்கட்டணம் வழக்கத்தைவிட நூற்று அறுபத்துமூன்று ரிங்கிட் நாற்பது சென் கூட வந்தது. கணினி, ஏர்கோன் எல்லாம் சேர்த்து. அன்று பல்கலைக்கழகத்து மின்சாரத்தில் இலவசமாக ஓட்டியிருக்க வேண்டிய கணக்கு. செலவு அவ்வளவுதானா என்று கட்டணச் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். பின்பக்கத்தில் விளம்பரம் இருந்தது.

மகேஸ்வரிக்கு எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. மறுபடி அந்தக் கடிதம் வந்தாலும் அதையேதான் எழுதுவேன். ஆனால் முதலில், அவர் ஊர் திரும்பும் வரை பொறுத்து, பத்து காஜாவுக்கு ஒரு பஸ் பிடித்திருப்பேன். வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். அவர் ஜூலை என்றுதான் சொல்லியிருப்பார், நான் ஜூன் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் சத்தம் போட்டிருப்போம். பிறகு கையெழுத்துப் போட்டிருப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் சத்தம் போட வாய்ப்பே கொடுக்காத எனக்காகவும் போட்டார். 2014இல் ஆறு நாளுக்குள் முடிக்க வேண்டியிருந்தது. இந்த முறை அறுபத்தொன்பது நாள் இருந்தது. அப்படியும் நாலு நாள் அவசரப்பட்டேன்.

மே மாதத்திலிருந்து அவர் கடைக்கு வரவில்லை. முதல் வாரம் மட்டும் ஒரு செய்தி: "சனிக்கிழமை கிளாஸ் போட்டுட்டாங்க சார்." போட்டிருக்கலாம். அந்தக் கல்லூரியில் சனிக்கிழமை வகுப்பு உண்டா என்று விசாரிப்பது எனக்குச் சுலபம். விசாரிக்கவில்லை.

நான் போவதை நிறுத்தவில்லை. ஜூலை இருபத்தாறு, சனிக்கிழமை, காலை எட்டரை. வானம் தெளிவாக இருந்தது. வரும் வழியில் எல்லாக் குன்றுகளும் தெரிந்தன. காதர் வழக்கம்போல இரண்டு கிளாஸ்களைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, பாதி வழியில் நினைவு வந்து, ஒன்றைப் பக்கத்து மேசைச் சீனரிடம் வைத்தார்.

"குணா தம்பிக்கு இன்னும் கிளாஸ் முடியலையாண்ணே?"

"இல்லை."

"ரொம்பத்தான் படிக்க வைக்கிறாங்க லா, அந்த ஊர்ல."

தோசையை முழுதும் தின்றேன். எதிர் நாற்காலியை யாரோ கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். காதர் சிறிய சீட்டில் எழுதி, கிளாஸுக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். எண்ணிப் பார்த்தேன். அந்த வாரம் கொடுக்கும் முறை குணாவுடையது. நான் கொடுத்தேன்.

நாலு ரிங்கிட் அறுபது சென்.